பதிலிக் காய்கள்: மேசைப் போர் விளையாட்டின் 200 ஆண்டுகள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் விடுதி மாணவர் ஒருவர், ஐதராபாத்தில் நடைபெற்ற மேசைப் போர் விளையாட்டுக் கூடுகை ஒன்றுக்குச் சென்றுவிட்டு ஆடாமலேயே திரும்பினார். சோடாப் புட்டி மூடிகளின் மேல் அட்டையில் வெட்டிய உருவங்களை ஒட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் பெயரைப் பேனாவால் எழுதி, நாற்பது வீரர் கொண்ட படை ஒன்றை இரண்டு வாரம் உழைத்து அவர் அமைத்திருந்தார். அங்கோ வார்ப்பு உருவங்களுக்கு மட்டுமே இடம் என்று கூறிவிட்டார்களாம். யாரும் கடிந்து பேசவில்லை. அமர்ந்து வேடிக்கை பார்க்க நாற்காலியும் கொடுத்திருக்கிறார்கள். அதுதான் அவரை அதிகம் வருத்தியது என நினைக்கிறேன்.

இரவு உணவுக்குப் பின் என் அறைக்கு வந்து, “அண்ணா, அட்டையை வச்சு ஆடுறது ஏமாத்து வேலையா?” என்று கேட்டார். படைக்கல்வியின் வரலாற்றை ஆய்பவன் என்பதால் என்னைத் தேடி வந்திருக்க வேண்டும். அப்போது நான் அவசரமாகச் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. இப்பதிவு அவ்விடையின் திருத்தம். சற்று நீளமானது, பொறுத்தருள்க.

இவ்விளையாட்டை அறியாத நண்பர்களுக்கு ஓரிரு சொற்கள். அகன்ற மேசையின் மேல் குன்று, காடு, வீடு ஆகியவற்றின் சிறு வடிவங்களைப் பரப்பி, இருவர் தத்தம் படைகளை நிறுத்துவர். சதுரங்கத்தைப் போலக் கட்டங்கள் கிடையா. எவ்வளவு தொலைவு நகரலாம், எவ்வளவு தொலைவு சுடலாம் என்பதை அளவுநாடா தீர்மானிக்கும். அடி பட்டதா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். வீரர்கள் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் உயரமுள்ள ஈய அல்லது பிளாஸ்டிக் உருவங்கள். அவற்றை உதிரிப் பாகங்களாக வாங்கி, ஒட்டி, வண்ணம் தீட்டி ஆடுவது மரபு. ஒரு முழுப் படையைத் திரட்டுவதற்குள் ஆய்வு மாணவனின் ஒரு மாத உதவித்தொகை கரைந்துவிடலாம். எனவே, இல்லாத உருவத்துக்குப் பதிலாகக் கையில் கிடைத்த வேறொன்றை நிறுத்தி ஆடும் வழக்கம் எங்கும் உண்டு. ஆட்டக்காரர்கள் அதனைப் ‘பிராக்ஸி’ என்பர். நான் இங்கே பதிலிக் காய் என்கிறேன்.

நமக்கு இது புதிதன்று. ஆடுபுலி ஆட்டத்தில் புளியங்கொட்டை ஆடாகிறது, கூழாங்கல் புலியாகிறது. கொட்டைக்குக் கொம்பு எங்கே என்று எவரும் கேட்டதில்லை. சதுரங்கத்தையே எடுத்துக்கொள்வோம். மூலைவிட்டமாகச் செல்லும் காயை நாம் மந்திரி என்கிறோம். என் அறைத் தோழர் இந்தி பேசுபவர். அவருக்கு அது ஒட்டகம். ஆங்கிலேயருக்கு ஆயர், ரஷ்யருக்கு யானை. நாம் யானை என்று அழைக்கும் மூலைக் காயோ ரஷ்யருக்குப் படகு. நானும் என் தோழரும் ஆடும்போது ஒரே பலகையில் நான் மந்திரியை நகர்த்துகிறேன், அவர் ஒட்டகத்தை நகர்த்துகிறார். ஆட்டம் இதுவரை ஒருநாளும் நின்றதில்லை. ஆனால் சென்ற மழைக்காலத்தில் எங்கள் பெட்டியிலிருந்து ஒரு குதிரை காணாமற்போய், அதனிடத்தில் இருமல் மருந்துப் புட்டியின் மூடியை வைத்து ஆடத் தொடங்கினோம். பத்து நாள் சிக்கலில்லை. பதினோராம் நாள் ஒரு யானையும் தொலைந்தது. இரண்டாவது மூடி வந்தது. அன்று மாலை எந்த மூடி எது என்பதில் நிகழ்ந்த பூசல் இன்றும் தீரவில்லை. இந்த இரண்டாவது மூடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதனிடம் திரும்புவோம்.

இன்றைய மேசைப் போர் விளையாட்டின் மூதாதை பிரஷ்யாவில் பிறந்தது. அதற்கு முன்பே, 1780இல், பிரவுன்ஷ்வைக் நகரின் ஹெல்விக் என்பவர் சதுரங்கத்தை விரித்துப் பீரங்கியும் நிலவேறுபாடும் கொண்ட போர்ச் சதுரங்கம் ஒன்றை வகுத்திருந்தார். எனினும் கட்டங்களை உதறிய பெருமை ரைஸ்விட்ஸ் என்னும் பிரபுவைச் சாரும். இவர் படைவீரரல்லர், பிரெஸ்லாவ் நகரின் நிர்வாக அதிகாரி. முதலில் மணல் பரப்பிய மேசையில் தம் விளையாட்டை இளவரசர்களுக்குக் காட்டினார். அவர்கள் வழியாகச் செய்தி மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியத்தின் செவிக்கு எட்டியது. மன்னரும் காண விழைந்தார். மணலையும் கட்டைகளையும் மன்னர் முன் கொண்டுசெல்ல ரைஸ்விட்ஸுக்கு மனம் ஒப்பவில்லை. காலம் கேட்டு வாங்கி, 1812இல், இழுப்பறைகள் பல கொண்ட பெருமேசை ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தார். ஆறும் சாலையும் சிற்றூரும் புடைப்பாக அமைந்த, வண்ணம் தீட்டிய சுதைத் துண்டுகளை விரும்பியவாறு அடுக்கி அதன்மேல் நிலம் அமைக்கலாம். அம்மேசை இன்றும் பெர்லினின் சார்லொட்டன்பர்க் அரண்மனையில் இருக்கிறது. மன்னர் குடும்பம் அதில் மகிழ்ந்து ஆடியது. பிரஷ்யப் படையில் அதனால் எந்த மாற்றமும் நிகழவில்லை. அவ்வளவு விலையுயர்ந்த மேசையை வேறு யார் வைத்திருக்க முடியும்?

மாற்றத்தைக் கொணர்ந்தவர் அவருடைய மகன், பீரங்கிப் படையின் இளம் அதிகாரி. அவர் மேசையைக் கைவிட்டார். 1:8000 அளவையில் வரைந்த நிலப்படத்தை விரித்தார். சுதை ஊரும் அழகிய ஆறும் போயின. படைகளுக்குச் சிறு ஈயக் கட்டைகள்: ஒருபுறத்தார்க்குச் சிவப்பு, மறுபுறத்தார்க்கு நீலம், மேலே படைவகையைக் காட்டும் எளிய குறி. எல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்கின. 1824இல் விதிநூல் வெளியாயிற்று. தலைமைத் தளபதியத்தின் தலைவர் மியூஃப்லிங் அதனைக் கண்டு வியந்து, படையினர் அனைவருக்கும் பரிந்துரைத்தார். போர் விளையாட்டு அரண்மனையை விட்டு அதிகாரிகளின் அறைகளுக்கு வந்தது, விலை குறைந்து உருவம் எளிமையான அந்நாளில்தான்.

அந்த ஈயக் கட்டையைச் சற்று உற்றுநோக்க வேண்டும். அதில் வீரனின் முகமோ குதிரையின் வாலோ இல்லை. ஆனால் ஒரு பட்டாளம் மெய்யான களத்தில் எவ்வளவு இடத்தை அடைக்குமோ, அவ்வளவு இடத்தை நிலப்படத்தின் அளவையில் அக்கட்டை அடைத்தது. குறுகிய பாலத்தில் இரண்டு பட்டாளங்கள் அருகருகே நுழைய முடியாது என்றால், கட்டைகளும் நுழைய முடியாது. தோற்றத்தை விட்டுவிட்டு இடத்தைக் காத்தார் இளைய ரைஸ்விட்ஸ். இன்றும் நேர்மையான ஆட்டக்காரர்கள் பதிலிக் காயிடம் முதலில் கேட்பது உருவத்தை அன்று, அடித்தட்டின் விட்டத்தை. 32 மில்லிமீட்டர் அடித்தட்டில் நிற்கவேண்டிய வீரனுக்கு 25 மில்லிமீட்டர் தட்டைக் கொடுத்தால் கூட்டமாக நெருங்கி வந்து தாக்கலாம், அது களவு. நம் மாணவரின் சோடா மூடிகளை அளந்து பார்த்தேன். அவர் அதையும் எண்ணியே, அகலம் போதாத இடங்களில் அட்டை வளையம் சேர்த்திருக்கிறார்.

(இளைய ரைஸ்விட்ஸின் முடிவு துயரமானது. பெர்லினிலிருந்து மாற்றப்பட்டு, 1827இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பிரஷ்யப் படையின் வெற்றிகளைக் கண்டு உலகப் படைகள் யாவும் அவர் விளையாட்டைப் படியெடுக்க, 1871 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.)

படையினரின் கையிலிருந்து இல்லத்தின் தரைக்கு இவ்விளையாட்டைக் கொணர்ந்தவர் பலர். பரவலாக அறியச் செய்தவர் எச்.ஜி. வெல்ஸ். 1913இல் அவர் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் சிறுநூல், ஒரு விளையாட்டு எவ்வாறு பிறந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறது. மரத்துண்டு எறியும் பொம்மைப் பீரங்கி ஒன்று. பகலுணவுக்குப் பின் அதைக் கொண்டு ஈயச் சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்திய நண்பர், எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம். அங்கிருந்து தொடங்கிய முதல் போர்களின் குன்றுகள் எவை தெரியுமா? கலைக்களஞ்சியத்தின் தடித்த தொகுதிகள். அவற்றைக் கம்பளத்தின் மேல் அடுக்கி மலைநாடு ஆக்கினார்கள். பின்னர் மரக்கட்டைகள் வீடுகளாயின. தோட்டத்துச் சுள்ளிகள் காடாயின. ஒரு பேரறிஞர் தரையில் முழந்தாளிட்டு அறிவுக் களஞ்சியத்தின் மேல் பீரங்கி ஏற்றும் காட்சியை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், அச்சமும் வரும். அடுத்த ஆண்டே மெய்யான போர் மூண்டது. நூலின் இறுதியில் வெல்ஸ், பெரும்போரை விட இச்சிறு போர் எவ்வளவோ மேல் என்று மன்றாடியிருந்தார். செவிமடுத்தோர் இல்லை.

அப்போரின் முடிவில் நிகழ்ந்த ஒன்று, மேசைக்கு வெளியே பதிலிக் காய் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதைக் காட்டுகிறது. வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மானியப் படையை 1,00,000 பேருக்குள் அடக்கியது. டாங்கிகளை முற்றாகத் தடை செய்தது. தடை செய்யப்பட்ட ஒன்றைக் கொண்டு பயிற்சி செய்வது எப்படி? மரச்சட்டத்தில் துணி போர்த்திய பொய்ட்டாங்கிகளைச் செய்தார்கள். முதலில் ஆட்கள் உள்ளிருந்து தள்ளிச் சென்றனர். பின்னர்ச் சிறு மோட்டார் வண்டிகளின் மேல் கூடு கட்டி ஓட்டினர். பயிற்சியைக் காணவந்த பள்ளிப் பிள்ளைகள் துணிச் சுவரில் பென்சிலால் துளையிட்டு உள்ளே எட்டிப் பார்த்ததாகக் குடேரியன் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். தம் பங்கைப் பெரிதாக்கிச் சொல்லும் இயல்பு அவருக்குண்டு என வரலாற்றாசிரியர்கள் எச்சரிப்பதுண்டு. இந்தப் பென்சில் கதையால் அவருக்கு ஆதாயம் ஏதுமில்லை என்பதால் நம்பலாம். பிள்ளைகள் நகைத்த அத்துணி வண்டிகளைக் கொண்டு பயின்றவர்களே பின்னர் ஐரோப்பாவை நடுங்கச் செய்தனர். அமெரிக்காவிலும் 1941இல் லூசியானாவில் நடந்த பெரும் போர்ப்பயிற்சியில் டாங்கிகள் போதாமல், சரக்குந்துகளின் பக்கவாட்டில் ‘டாங்கி’ என்று எழுதி ஒட்டி ஓட்டினார்கள். எதிரே நின்ற படையும் நடுவர்களும் அவற்றை டாங்கியாகவே கொண்டனர்.

அடுத்த ஆண்டு, 1942, எனக்கு மிக முக்கியமானது. அவ்வாண்டில் இரண்டு போர் விளையாட்டுகள், உலகின் இரு கோடிகளில் நடந்தன.

மே மாதத் தொடக்கத்தில் ஜப்பானியக் கூட்டுக் கடற்படையின் கொடிக்கப்பலான யமாட்டோவில், மிட்வே தாக்குதலுக்கான மேசை ஒத்திகை நடந்தது. அமெரிக்க வானூர்திகள் ஜப்பானிய விமானந்தாங்கிகளைத் தாக்கும் கட்டத்தில் நடுவராயிருந்த ஒகுமியா பகடை உருட்டினார். ஒன்பது குண்டுகள் விழுந்ததாகக் கணக்கு வந்தது. அககி, ககா ஆகிய இரு கப்பல்களும் மூழ்கின. ஒத்திகைக்குத் தலைமை தாங்கிய உகாகி குறுக்கிட்டு, மூன்று குண்டுகளே விழுந்தன என்று திருத்தினார். அககி சிறு சேதத்துடன் தப்பியது. ககா மட்டும் மூழ்கியது. அத்துடன் நிற்கவில்லை. ஒத்திகையின் அடுத்த பகுதியில், மூழ்கிய ககாவும் மீண்டும் மேசைக்கு வந்துவிட்டது. ஒகுமியாவும் வானோடி ஃபுச்சிடாவும் போருக்குப் பின் எழுதிய நூலில் இதைப் பதிவு செய்துள்ளனர். ஒன்பது என்பது மிகையான கணக்கு, உகாகி திருத்தியதில் தவறில்லை என வாதிடுவோரும் உள்ளனர். குண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை அவ்வாதத்தை நான் ஏற்கிறேன். மூழ்கிய கப்பல் மீண்டு வந்ததற்கு அந்த வாதம் உதவாது. ஜூன் 4, 5 தேதிகளில் அககியும் ககாவும் வேறு இரு விமானந்தாங்கிகளும் மெய்யாகவே மூழ்கின.

யமாட்டோவின் ஒத்திகையில் காய்களின் தரத்துக்கு யாதொரு குறையும் இருந்திருக்காது. ஒரு பேரரசின் கடற்படை அது. அங்கே பழுதுபட்டது, ‘இக்காய் இக்கப்பல், இது மூழ்கினால் அது மூழ்கியது’ என்னும் உடன்பாடு.

மற்றொன்று லிவர்பூலில். அட்லாண்டிக்கில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை வேட்டையாடிக் கொண்டிருந்த வேளை. உடல்நலக் குறைவால் கடற்பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த கில்பர்ட் ராபர்ட்ஸ் என்னும் அதிகாரியிடம், டெர்பி ஹவுஸ் கட்டடத்தின் மேல்தளத்தில் ஒரு பெரிய அறை ஒப்படைக்கப்பட்டது. தரையே கடலாயிற்று. சிறு மாதிரிக் கப்பல்கள், சுண்ணக்கட்டி, அளவுகோல், கித்தான் திரைகள்: அவ்வளவுதான் கருவிகள். பாதுகாப்புக் கப்பல்களின் தளபதிகள் திரைக்குப் பின்னே அமர்ந்து, சிறு துளை வழியே மட்டும் பார்க்க வேண்டும். இரவுக் கடலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவே தெரியும். தரையில் கப்பல்களை நகர்த்தியவர்களும், கணக்கிட்டவர்களும், நீர்மூழ்கிகளாக ஆடியவர்களும் பெரும்பாலும் கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். நீர்மூழ்கிகள் இரவில் பின்புறமிருந்து வணிகக் கப்பல்களின் வரிசைகளுக்குள்ளேயே நுழைந்து சுடுகின்றன என்பதை இத்தரையில்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு எதிர்நடவடிக்கையும் வகுத்தார்கள். அதற்கு ‘ராஸ்பெரி’ என்று பெயர் சூட்டியவர் ஜீன் லெய்ட்லா என்னும் பெண். அவர்களைச் சோதிக்க வந்த தளபதி மேக்ஸ் ஹோர்டன் தாமே நீர்மூழ்கி வீரர். அவர் நீர்மூழ்கியாக ஆட, எதிரே பாதுகாப்புக் கப்பல்களை நடத்திய ஜேனட் ஓகெல் என்ற இளம்பெண் அவரை மீண்டும் மீண்டும் வீழ்த்தினார். இந்தக் கதையைக் கூறும்போதெல்லாம் என் மாணவியர் கைதட்டுவர், நானும் தடுப்பதில்லை.

போருக்குப் பின் இவ்விளையாட்டு மீண்டும் எளியோர் கைக்கு வந்தது. பிரிட்டனில் அதன் தந்தை எனப் போற்றப்படும் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன், டாங்கிப் படையில் பணியாற்றியவர். பின்னர்ச் சவுத்தாம்ப்டன் கால்பந்துக் கழகத்தின் உடலியக்க மருத்துவராய் இருந்தார். 1962இல் வெளியான அவருடைய ‘வார் கேம்ஸ்’ நூலைப் படித்து ஆடத் தொடங்கியோர்க்கு, ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் பெட்டி பெட்டியாக விற்ற மலிவான பிளாஸ்டிக் சிப்பாய்கள் வரமாக வந்தன. ஆனால் அந்நிறுவனம் எல்லாப் போர்களுக்கும் வீரரை வார்க்கவில்லை. இல்லாத படைகளை ஆட்டக்காரர்களே ‘உண்டாக்கினர்’. அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்க்குத் தொப்பி ஒத்துப்போகிறது என்று வேறு வண்ணம் பூசிப் பிரெஞ்சுக்காரனாக்கினர். ஒருவனின் தலையை வெட்டி மற்றவன் உடலில் குண்டூசியால் பொருத்தினர். அன்றைய ஆட்டக்காரர்களின் திறமையே இந்த வெட்டி ஒட்டலில்தான் அளக்கப்பட்டது.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். அக்கால விதிகள் பலவற்றில் மேசையில் நிற்கும் ஓர் உருவம் ஒரு வீரனைக் குறிப்பதில்லை. 20 பேரைக் குறிக்கும், சில விதிகளில் அதற்கும் மேல். பொத்தான் முதற்கொண்டு வாளின் பிடி வரை வண்ணம் தீட்டிய அந்த ஈயச் சிப்பாயும் பத்தொன்பது பேருக்குப் பதிலியாகவே நிற்கிறான். அட்டைச் சிப்பாயைப் பார்த்து அவன் முகம் சுளிப்பது எவ்வகையில் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரைச் சேர்ந்தது. 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் ‘செயின்மெய்ல்’ என்ற இடைக்காலப் போர் விதிநூலை வெளியிட்டனர். அதன் பின்னிணைப்பில் பூதம், மந்திரவாதி, பறவைநாகம் எல்லாம் வந்தன. அவற்றுக்குரிய உருவங்கள் கடைகளில் இல்லை. கைகாக்ஸ் ஒரு பிளாஸ்டிக் ஸ்டெகோசாரஸை வெட்டி மாற்றிப் பறவைநாகம் ஆக்கினார். மலிவுக் கடையில் ஹாங்காங்கில் செய்யப்பட்ட பொம்மைப் பை ஒன்றும் கிடைத்தது. மேலே ‘வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள்’ என்று போட்டிருந்தாலும், உள்ளே இருந்தவை எந்தக் காலத்து விலங்கையும் ஒத்தவையல்ல. அச்சு வார்த்த தொழிலாளியின் கற்பனையோ கவனக்குறைவோ, யாரறிவார்! அவற்றை ஆட்டத்தில் நிறுத்தியபோது இதற்கு முன் எங்கும் நடக்காத ஒன்று நடந்தது. பதிலிக் காய் என்றால் அது குறிக்கும் பொருள் ஒன்று முன்பே இருக்கவேண்டும் அல்லவா? இங்கே காய் மட்டுமே இருந்தது. அதற்கேற்ற விலங்கைப் பின்னர்க் கற்பித்தார்கள். வாலில் துடுப்பு போன்ற ஒன்றைக் கொண்ட பொம்மை, இரும்பைத் துருவாக்கித் தின்னும் விலங்காயிற்று. மற்றொன்று ஆந்தைக் கரடி. இவ்விரண்டும் 1975இல், ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ விளையாட்டின் முதல் துணைநூலில் அச்சேறின. மூன்றாவது பொம்மைக்கு டிம் காஸ்க் எழுதிய விதிகளின்படி மண்ணுக்கடியில் நீந்தி வரும் ‘புலெட்’ பிறந்து, 1976இல் ‘தி டிராகன்’ இதழின் முதல் எண்ணில் வெளிவந்தது. இன்று இம்மூன்று விலங்குகளுக்கும் நுட்பமாக வார்த்த விலையுயர்ந்த உருவங்கள் விற்கின்றன. பெயர் தெரியாத ஹாங்காங் தொழிலாளிக்கு அதில் ஒரு காசும் இல்லை.

பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனமும் இந்தத் தாராளத்தின் நடுவே வளர்ந்ததுதான். 1983இல் வெளிவந்த அதன் ‘வார்ஹாமர்’ முதற்பதிப்புப் பெட்டியில் விதிநூல்களே இருந்தன. உருவம் ஒன்றும் இல்லை. ரிக் பிரீஸ்ட்லி எழுதிய ‘வார்ஹாமர் 40,000’ 1987இல் வந்தபோது, டியோடரன்ட் தீர்ந்த காலிக் கூட்டிலிருந்து மிதவை டாங்கி செய்வது எப்படி என்று கற்றுக்கொடுத்தவர்களும் அவர்களே. அந்தக் கூட்டு டாங்கியை மூத்த ஆட்டக்காரர்கள் இன்றும் கண்ணீர் மல்க நினைவுகூர்வர். 1993இல் வந்த இரண்டாம் பதிப்பின் பெட்டியிலோ, ஓர்க் படையின் மாபெரும் நடைப்பொறி அட்டையில் அச்சிட்ட உருவமாகவே வைக்கப்பட்டிருந்தது. ஆம், அட்டைதான். நம் மாணவர் கேட்ட வினாவுக்கு அப்பெட்டியே பாதி விடை.

பின்னர் நிலை மாறியது. நிறுவனம் வளர்ந்தது, கடைகளும் போட்டிகளும் பெருகின, தன் போட்டிகளில் தன் உருவங்களையே பயன்படுத்தவேண்டும் என்றது. வணிக நோக்கில் இதில் வியப்பில்லை. ஆனால் விதிநூலில் பெயரும் வலிமையும் உண்டு, கடையில் உருவம் இல்லை என்னும் நிலையில் பல படைவகைகள் ஆண்டுக்கணக்கில் இருந்தன. பதிலிக் காய்கள் தழைத்த நிலம் அந்த இடைவெளிதான். அவ்விடைவெளியில் வேறு சிறு நிறுவனங்களும் நுழைந்தன. டெக்சாஸின் சாப்டர்ஹவுஸ் ஸ்டுடியோஸ் மீது கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2010 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் 2013 ஜூனில் நடுவர்குழு வழங்கிய தீர்ப்பு இருதரப்புக்கும் வெற்றியும் தோல்வியும் கலந்தது. இழப்பீடு 25,000 டாலர் மட்டுமே. அதன்பின் வந்த விதிநூல்களில், விற்பனைக்கு உருவம் இல்லாத படைவகைகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. ஆட்டக்காரர்கள் பலர் இம்மாற்றத்தை அவ்வழக்கோடு இணைத்தே பேசுகின்றனர். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. முன்பு, கற்பனையில் உள்ள படைக்குக் கையில் உள்ள பொருளால் உருவம் கொடுத்தார்கள். இப்போது பெட்டியில் உள்ளதே கற்பனையின் எல்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் மறைக்கக்கூடாது. இன்றைய விதிகள் சிலவற்றில், உருவத்தின் கண்மட்டத்திலிருந்து நேர்க்கோடு இழுத்து, எதிரி தெரிகிறானா என்று பார்க்கவேண்டும். தட்டையான அட்டை உருவத்தைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினால் அது மறைந்தே போகும். இது உண்மையான குறை. சுற்றளவு மாறாத உருளை ஒன்று அங்கே நிற்பதாகக் கொள்வோம் என்று முன்கூட்டியே பேசித் தீர்க்கவேண்டிய குறை. மற்றொரு குறை எங்கள் சதுரங்கப் பலகையில் கண்டதுதான். ஒரு மூடியை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது மூடியோடு குழப்பம் தொடங்குகிறது. நாற்பது மூடிகள் நின்றால் எதிராளி ஆட்டத்தை விட்டு நினைவாற்றல் தேர்வு எழுத நேரும். முகமறியாத இருவர் மூன்று மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டிய போட்டியில் அமைப்பாளர்கள் இதனை அஞ்சுவதில் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடுப்பகுதியில் ஒரு காயின் பெயரை மாற்றிச் சொல்லி வெல்ல முயன்றவரை நானே கண்டிருக்கிறேன். உகாகியின் ககா அது.

ஆனால் நம் மாணவர் ஒவ்வொரு உருவத்தின் அடியிலும் பெயர் எழுதியிருந்தார். அடித்தட்டின் அளவைச் சரி செய்திருந்தார். வில்லாளனுக்கு வில்லும் ஈட்டிக்காரனுக்கு ஈட்டியும் வரைந்திருந்தார். அந்தக் கூடுகையும் பரிசுப் போட்டியன்று. ஞாயிறு மாலைப் பொழுதுபோக்கு. எதிரே அமர்ந்திருந்தவரிடம் “இப்படி ஆடலாமா?” என்று கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை என்பதே என் மனக்குறை. சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லும் உரிமை அந்த எதிராளிக்கு உரியது. கூடத்தின் சுவரில் ஒட்டியிருந்த தாள் அதை முந்திக்கொண்டது.

‘ஏமாத்து வேலையா’ என்ற கேள்விக்கு, ‘இல்லை, தம்பி, பெயரை எழுதி வைத்துவிட்டாயே’ என்று அன்றிரவே சொல்லியிருக்கவேண்டும்.

வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு எங்கள் விடுதியின் பொதுஅறையில், இளைய ரைஸ்விட்ஸின் விதிகளைச் சுருக்கி ஓர் ஆட்டம் ஆட இருக்கிறோம். நிலப்படத்தை நான் வரைந்துவிட்டேன். நடுவர் வேண்டும், பகடையில் வந்ததை மாற்றாதவராக இருத்தல் நலம். நீலப் படை அந்த மாணவருடையது. சிவப்புப் படைக்குத் தீப்பெட்டிகள் பதினெட்டு இருக்கின்றன. இன்னும் ஆறு குறைகிறது. வருவோர் கொண்டுவாருங்கள். குதிரைப்படைக்குப் புளியங்கொட்டை, அதை விடுதிச் சமையலறையில் கேட்டு வாங்கியாயிற்று.